அரைக்கதவுக்கு இந்தப் பக்கம்

தேறுவதற்கு எழுபத்தைந்து மதிப்பெண் வேண்டும். அண்ணிக்கு வந்திருந்தது எழுபத்தொன்று.

மருந்துக்கடையின் முன்பகுதியில், எடை பார்க்கும் இயந்திரத்தை ஒட்டி, ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்திய மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. நடு நாற்காலியில் உட்கார்ந்து, மாநில மருந்தாளுநர் வாரியத்திலிருந்து வந்த தாளை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள் அண்ணி. தாளில் பெயர்கூட இல்லை, விண்ணப்ப எண் மட்டும்தான். இருபத்திரண்டு வருடம் மருந்தாளுநராக இருந்தவள் அவள். பக்கத்து மாநிலத்தில் ஒரு பெரிய கடைக்குப் பொறுப்பாளர். அவள் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு மாத்திரைகூட வெளியே போனதில்லை. கணவருக்கு இந்த ஊருக்கு மாற்றலானது. அவளுடைய உரிமம் மாநில எல்லையோடு நின்றுவிட்டது. பட்டத்தையும் அனுபவத்தையும் இங்கிருந்த வாரியம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. சட்டத் தேர்வை மட்டும் புதிதாக எழுதச் சொன்னது.

கடை அவளுடைய நாத்தனாருடையது, அதாவது கணவரின் தங்கையுடையது. நாத்தனார் மருந்து படித்தவள் இல்லை. கடை நடத்தத் தெரிந்தவள். அவள் வாய் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில், கடைக்கு வருகிறவர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

"குடுங்க, நான் பாக்குறேன்" என்று நாத்தனார் தாளைப் பிடுங்கினாள். "எங்கெல்லாம் கோட்டை விட்டீங்கன்னு போட்டிருக்கான். டாக்டர் சீட்டு எவ்வளவு நாள் செல்லும்? ஆறு மாசம்னு எழுதியிருக்கீங்க."

"ஆறு மாசம்தானே?"

"ஒரு வருஷமாம்."

"அங்க ஆறு மாசம்."

"பதிவேட்டை எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்? ரெண்டுன்னு எழுதியிருக்கீங்க. அஞ்சாம்."

"அங்க ரெண்டு."

"டாக்டர் போன்ல சொன்ன மருந்துக்கு எத்தனை நாள்ல சீட்டு வாங்கணும்?"

"ஏழு" என்றாள் அண்ணி. பிறகு அவளே, "மூணா?" என்று கேட்டாள்.

நாத்தனார் தாளை மடித்தாள். "அண்ணி, நீங்க ஒண்ணுகூடத் தப்பா எழுதல. எல்லாத்தையும் பொறந்த வீட்டு வழக்கப்படி எழுதிட்டு வந்திருக்கீங்க. அதான் சங்கதி. எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டு இருபது வருஷமாச்சு, இன்னும் அங்கேயே நிக்குறீங்க."

இடுப்பளவு உயரமுள்ள அரைக்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவர் கடையின் இப்போதைய மருந்தாளுநர். முப்பது வயது இளைஞர். அவருக்கு அந்தத் தெருவில் 'நிதானம்' என்று பெயர். மாத்திரைத் தட்டில் தட்டைக் கரண்டியால் ஐந்தைந்தாக ஒதுக்கி எண்ணுவார், எண்ணியதை மறுபடி எண்ணுவார், சீட்டைப் பார்ப்பார், டப்பாவைப் பார்ப்பார், மறுபடியும் சீட்டைப் பார்ப்பார். அவசரக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் மருந்து மாறிப்போனதாக ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

அவர் போகப் போகிறார் என்பதுதான் சிக்கல். மனைவிக்கு வேறு ஊரில் வேலை. கைக்குழந்தையோடு அவள் அங்கே தனியாக இருக்கிறாள். அவருக்கும் அங்கேயே வேலை கிடைத்து, சனிக்கிழமை காலை சேர வேண்டும் என்று தேதி குறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி ரயிலுக்குச் சீட்டு வாங்கியாகிவிட்டது. தோற்றவர் முப்பது நாள் கழித்துத்தான் மறுதேர்வு எழுத முடியும். கணக்குப் போட்டால் தேர்வு செவ்வாய்க்கிழமை விழுந்தது, அதே வாரத்தில்.

"நான் கிளம்புற அன்னிக்கு, போதை மருந்து இருக்குற பூட்டுன அலமாரியைத் திறந்து, போறவரும் வர்றவரும் சேர்ந்து ஒவ்வொரு மாத்திரையா எண்ணிக் கையெழுத்துப் போடணும், அண்ணி" என்றார் நிதானம். வார்த்தைகளையும் அவர் ஐந்தைந்தாக ஒதுக்கி வைப்பதுபோலத்தான் பேசுவார். "வர்றவருக்கு இந்த மாநில உரிம நம்பர் இருக்கணும். இல்லன்னா அன்னிக்குச் சாயங்காலமே கவுண்டருக்கு சீல். அப்புறம் புதுசா மனு, புதுசா இன்ஸ்பெக்ஷன். ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசம் சோப்பும் சீப்பும் வித்துக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்றாள் நாத்தனார். "அதுக்குள்ள நம்ம சர்க்கரைக்காரங்க, பிரஷர்காரங்க எல்லாரும் மெயின் ரோட்டுக் கடைக்குப் போயிடுவாங்க. போனவங்க திரும்பி வருவாங்களா?"

அண்ணி கைப்பையிலிருந்து ஒரு நீண்ட நோட்டை எடுத்து, முதல் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு கிழித்தாள். இடது பக்கம் 'பிறந்த வீடு', வலது பக்கம் 'புகுந்த வீடு' என்று தலைப்பிட்டாள்.

அந்த ஒரு மாதமும் நடு நாற்காலி அவளுடையதானது. உரிமம் இல்லாதவர் அரைக்கதவைத் தாண்டக் கூடாது என்பது புகுந்த வீட்டுச் சட்டம். அதனால் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மருந்துக்கடையை வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பார்த்தாள். காத்திருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, மருந்தாளுநரின் கையைத்தான் பார்க்கிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு நாள் லேபிள் அச்சடிக்கும் இயந்திரத்தில் சுருள் சிக்கிக்கொண்டது. நிதானம் அதை நிதானமாகத் தட்டிப் பார்த்தார். அண்ணிக்குக் கையும் காலும் பரபரத்தன. கதவோரம் வந்து நின்றாள்.

"இடது பக்கம் ஒரு பச்சை நெம்புகோல் இருக்கும், தம்பி. அதைத் தூக்குங்க. தூக்குங்கன்னேன், அமுக்காதீங்க. இப்ப சுருளைப் பின்னாடி இழுங்க. பின்னாடின்னா உங்க பக்கம்."

"அண்ணி, நீங்க வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கற மாதிரியே இருக்கு" என்றார் அவர்.

"கால் ஒரு அங்குலம் உள்ள போச்சு, பாத்தேன்" என்றாள் நாத்தனார். அண்ணி காலை இழுத்துக்கொண்டாள். நாத்தனார் மட்டும் தேநீர்க் கோப்பையும் கையுமாக அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தாள்.

ஆள் இல்லாத நேரமெல்லாம் நாத்தனார் நோட்டைப் பிரித்துக் கேள்வி கேட்டாள். அண்ணி ஒரு பொறுப்பாளரின் கீழ் மூன்று உதவியாளர் என்று சொன்னால், "அது உங்க அப்பா வீடு. இங்க ரெண்டு பேர்தான், நாங்க சிக்கனக் குடும்பம்" என்பாள். முகவரி மாறினால் முப்பது நாளில் தெரிவிக்க வேண்டும் என்றால், "பத்தே நாள். இந்த வீட்டுல மாமியார் கண்ணுல படாம ஒண்ணும் பண்ண முடியாது" என்பாள். கேட்டுக் கேட்டு நாத்தனாருக்கே சட்டம் முழுக்கத் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது. சட்டம் தெரிந்தவளுக்கு மருந்து தெரியாது. மருந்து தெரிந்தவளுக்குச் சட்டம் நிற்காது. இருவரையும் அரைக்கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நிதானம் ஐந்தைந்தாக எண்ணிக்கொண்டிருந்தார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அண்ணி மூன்றாவதாக ஒரு தலைப்பு போட்டிருந்தாள்: 'இரண்டு வீட்டுக்கும் பொது'. அதில் நாலே வரிகள். சான்றிதழ் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி தொங்க வேண்டும். பட்டத்தில் உள்ள பெயரில்தான் பதிவு. குழந்தை திறக்க முடியாத மூடி போட வேண்டும். வேலை இல்லாத யாருக்கும் உள்ளே இடமில்லை. அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் கேள்வியே கேட்கவில்லை. "இதெல்லாம் உங்களுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரும், விடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு சோதனை வந்தது. மதியம் ஒரு மணிக்கு நிதானம் அரைக்கதவைப் பூட்டி, உள்ளறையில் சாப்பிட உட்கார்ந்தார். அரை மணி நேரம். அப்போது தபால்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவர் வாங்க வந்தது மனைவியின் கண்சொட்டு மருந்து. மாதாமாதம் வாங்குவதுதான், புதிது இல்லை. காலையிலேயே சரிபார்த்து, பெயர் எழுதி, பையில் போட்டு வைத்திருந்தார்கள். கவுண்டருக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் பை இருந்தது.

"அதோ, என் வீட்டுக்காரி பேரு இங்கருந்தே தெரியுதே. எடுத்துக் குடுங்கம்மா, வண்டி நிறையக் கட்டு கிடக்கு" என்றார் அவர்.

நாத்தனார் கவுண்டர் மேல் சாய்ந்து கையை நீட்டினாள். அண்ணி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எடுக்காத."

"பழைய மருந்துதானே, அண்ணி? தம்பி பாத்து வெச்சதுதானே?"

"அங்கன்னா நானே எடுத்துக் குடுத்திருப்பேன். பழைய மருந்தைச் சாப்பாட்டு நேரத்துல உதவியாளர் குடுக்கலாம்னு அங்க இருக்கு. இங்க மருந்தாளுநர் எழுந்து வர்ற வரைக்கும் ஒரு பையும் தாண்டக் கூடாது." சொல்லி முடித்துவிட்டு, தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவள்போல நின்றாள். "இது புகுந்த வீடு" என்றாள், கொஞ்சம் மெதுவாக.

நாத்தனார் கையை எடுத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள்.

தபால்காரருக்குத்தான் அது பரவாயில்லை என்று படவில்லை. இன்னும் பதினெட்டு நிமிடம். அவர் சலிப்போடு இடது நாற்காலியில் உட்கார்ந்தார், பக்கத்தில் கிடந்த நோட்டைப் புரட்டினார், ஒரு கேள்வியைப் படித்தார். "ஏம்மா, குளிர்பெட்டி சூட்டை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுதி வைக்கணும்?" அண்ணி பதில் சொன்னாள். அடுத்த கேள்வியைக் கேட்டார். நிதானம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தபோது, "இருங்க தம்பி, இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு" என்று அவரை நிறுத்தினார். அன்றிலிருந்து தபால்காரரும் ஒரு தேர்வாளர். கடிதம் இல்லாத நாளிலும் வந்து ஒரு பக்கம் கேட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை தேர்வு எழுதிவிட்டு வந்த அண்ணி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்படி?" என்றாள் நாத்தனார்.

"ஒவ்வொரு கேள்விக்கும் முதல்ல என்ன தோணுச்சோ, அதை எழுதல. அதுக்கு அடுத்ததை எழுதினேன்."

"மருமகளா மாறிட்டீங்க" என்றாள் நாத்தனார்.

முடிவு எப்படி வரும் என்பதை நிதானம் விளக்கினார். தேறினால் வாரியத்தின் இணையதளப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் ஏறிவிடும். தேறாவிட்டால் அங்கே ஒன்றும் வராது. பத்து நாள் கழித்துத் தபாலில் தாள் வரும். பதிவேட்டில் பெயரை முழுதாக அடித்துத் தேட வேண்டும்.

புதன்கிழமை தேடினார்கள். 'இந்தப் பெயரில் பதிவு இல்லை.' வியாழக்கிழமை பதினோரு தடவை தேடினார்கள். பதிவு இல்லை. வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததிலிருந்து நாத்தனார் கால் மணிக்கு ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். வாரியத்துக்குப் போன் போட்டால் ஒரு இசை வந்தது. இருபது நிமிடம் கேட்ட பிறகு அதுவும் துண்டானது. அண்ணியின் கணவர் அலுவலகத்திலிருந்து பேசினார். "நீ பாஸ் பண்ணியிருப்ப, எனக்குத் தெரியும்" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சு என்ன, வாரியத்துக்குத் தெரியணுமே" என்று அண்ணி போனை வைத்தாள்.

நிதானத்தின் பெட்டி எடை இயந்திரத்தின் மேல் நின்றிருந்தது. பதினேழு கிலோ என்று காட்டியது. அவர் கவுண்டரில் கையூன்றிக் கணக்குச் சொன்னார். "அலமாரி எண்ண ஒரு மணி நேரம். சரிபாக்க இருபது நிமிஷம். இங்கருந்து ஸ்டேஷன் பதினஞ்சு நிமிஷம். மூணேகாலுக்குள்ள நம்பர் வந்தா போதும்."

"நீங்க வேகமா எண்ணினா மூணேமுக்கால் வரைக்கும் தாங்கும்" என்றாள் நாத்தனார்.

"அது முடியாது மேடம்" என்றார் அவர். கோபமில்லாமல், ஒரு தகவலைச் சொல்வதுபோல.

இரண்டேமுக்காலுக்கும் பதிவு இல்லை. அண்ணி எழுந்தாள். "ஒரு வெள்ளைத்தாள் குடு."

"எதுக்கு?"

"கவுண்டர் மூடினா வாசல்ல அறிவிப்பு ஒட்டணும். இதுவரைக்கும் யார் பொறுப்பு, மருந்துப் பதிவேடெல்லாம் எங்க இருக்கும்னு எழுதணும். அதுவும் உங்க வீட்டுச் சட்டம்தான். தோத்தவதான், ஆனா அதையாவது சரியாச் செய்யறேன்."

நாத்தனார் தாளைக் கொடுத்தாள். அண்ணி எடை இயந்திரத்தின் விளிம்பில் தாளை வைத்து, தெளிவான கையெழுத்தில் எழுதத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் நிறுத்தினாள்.

"தம்பி, உங்க பேரை எப்படி எழுதறது? நிதானம்னா எழுத முடியும்?"

"அந்தா இருக்கே, அண்ணி" என்று அவர் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய உரிமச் சான்றிதழ் தொங்கியது. அதில் கொட்டை எழுத்தில் நீளமாக ஒரு பெயர். அந்தத் தெருவில் யாரும் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பட்டத்துல அப்படித்தான் இருக்கு. வாரியம் அதைத்தான் போடும்."

அண்ணி அந்தப் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டே வந்தவள், பாதியில் பேனாவை எடுத்தாள். நோட்டைத் திறந்தாள். முன்பக்கங்களைப் புரட்டவில்லை, நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"நீ என்ன பேரு அடிச்சுத் தேடுற?"

"உங்க பேருதான். கூட எங்க அண்ணன் பேரு."

"நான் பட்டம் வாங்கினது கல்யாணத்துக்கு முன்னாடி" என்றாள் அண்ணி. "அங்க கல்யாணமான வருஷமே மனு போட்டுப் பேரை மாத்திட்டேன். இங்க அப்படி மனு எதுவும் போடல. பட்டத்தோட நகலைத்தான் அனுப்பினேன். எங்க அப்பா பேரைப் போடு."

நாத்தனார் அடித்தாள். அவசரத்தில் ஒரு தடவை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது: பெயர், அப்பா பெயர், ஆறு இலக்க எண், நடப்பில் உள்ளது. பதிவான தேதி, புதன்கிழமை.

நிதானம் அந்த எண்ணை ஒரு தடவை வாசித்தார், மறுபடியும் வாசித்தார்.

"ரெண்டு நாளா புகுந்த வீட்டு வாசல்ல நின்னு தட்டிக்கிட்டிருக்கோம்" என்றாள் நாத்தனார். "பொண்ணு பொறந்த வீட்டுல கால் நீட்டி உக்காந்திருக்கா."

"இந்தச் சட்டம் உனக்கும்தான் தெரியும். தலைகீழாச் சொல்லுவ."

"கடைசிப் பக்கத்துல நான் கேள்வி கேக்கலையே" என்றாள் நாத்தனார். உடனே மணியைப் பார்த்தாள். "மூணு எட்டு. பேச நேரமில்ல, உள்ள போங்க."

அண்ணி வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு அரைக்கதவைத் தள்ளினாள். கீலில் ஒரு சிறு கிறீச்சிடல் இருந்தது. ஒரு மாதமாக வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம்.

இரும்பு அலமாரியைத் திறந்தார்கள். அவர் எண்ண, இவள் பார்த்தாள். இவள் எண்ண, அவர் பார்த்தார். அவளுக்கு வேகமான கை. ஆனால் அவர் முடிக்கும்வரை ஒவ்வொரு தடவையும் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. நாலே காலுக்கு ஒரு புட்டியில் கணக்கு இடித்தது. பதிவேட்டில் அறுபத்திரண்டு, தட்டில் அறுபத்தொன்று. நாத்தனார் கவுண்டருக்கு வெளியே நகத்தைக் கடித்தாள். நிதானம் மறுபடி எண்ணினார். அறுபத்தொன்று. மறுபடியும் கரண்டியை எடுத்தார்.

"இருங்க தம்பி" என்று அண்ணி புட்டிக்குள்ளிருந்த பஞ்சை இரண்டு விரலால் உருவி, தட்டின் மேல் உதறினாள். பஞ்சில் ஒட்டியிருந்த மாத்திரை டங்கென்று விழுந்தது.

"இதுக்குத்தான் அனுபவம் வேணுங்கறது" என்றார் நிதானம். சொல்லிவிட்டு அறுபத்திரண்டையும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

இருவரும் கையெழுத்துப் போட்டபோது நாலு முப்பத்தெட்டு. அந்த நேரத்துக்குத்தான் தபால்காரர் தேர்வாளர் வேலைக்கு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் நோட்டைத் தொடவே இல்லை. நிதானத்தின் பெட்டியைத் தூக்கித் தன் தபால் வண்டியின் பின்னால் போட்டார். "ஏறுங்க தம்பி. பதிவுத் தபால் மாதிரி கொண்டு சேக்குறேன்."

நிதானம் ஒவ்வொருவராக விடைபெறத் தொடங்கினார். "அதெல்லாம் லெட்டர்ல எழுதுங்க" என்று நாத்தனார் கத்தினாள். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், மணியைப் பார்த்தார், பிறகு வண்டியை நோக்கி ஓடினார். அவர் ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. எதிர்க்கடைக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார். ஐந்தரைக்குத் தபால்காரர் திரும்பி வந்து, ரயில் ஏற்றிவிட்டதாகவும் ஜன்னல் வழியாக அவர் கையை ஐந்து தடவை ஆட்டியதாகவும் சொன்னார்.

சான்றிதழ் தபாலில் வரும்வரை பதிவேட்டுப் பக்கத்தை அச்செடுத்து மாட்டலாம் என்று சட்டம் இருந்தது. நிதானம் தன் சான்றிதழை எடுத்துக்கொண்டதில் காலியான கண்ணாடிச் சட்டத்துக்குள் அதைச் செருகி, வாடிக்கையாளர் கண்ணில் படும் உயரத்தில் அண்ணியே மாட்டினாள். மூன்று நாற்காலிகளிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், நடு நாற்காலி உட்பட. அவர்கள் அவள் கையையே பார்த்தார்கள். அவளும் அது தெரிந்தே, எண்ணுவதை அவர்களுக்குத் தெரியும்படி கவுண்டரின் முன்பக்கமாக வைத்து எண்ணினாள்.

கூட்டம் குறைந்ததும் நாத்தனார் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தாள். வழக்கம்போல இடுப்பால் அரைக்கதவைத் தள்ளினாள். கதவு அசையவில்லை. உள்ளிருந்து தாழ் போட்டிருந்தது.

"அண்ணி, கதவு."

"உள்ள என்ன வேலை உனக்கு?" என்றாள் அண்ணி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என் கடை, அண்ணி."

"கடை உன்னுது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் பொறுப்பு. வேலை இல்லாத யாருக்கும் உள்ள இடமில்ல."

"நல்லா இருக்கே. இது எந்த வீட்டுச் சட்டம்?"

"ரெண்டு வீட்டுக்கும் பொது" என்றாள் அண்ணி. எண்ணி முடித்துக் கரண்டியை வைத்துவிட்டு, கதவுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டாள்.